கரைவெட்டிக்குப் போக ஒரு சாவு

கமலவேணி தன் ஜெயம்மாள் அத்தையைச் சாகடித்தது ஒரு மார்கழி மாதத்து வெள்ளிக்கிழமைக் காலையில். தறியில் அப்போது ஒரு முகூர்த்தப் புடவை பாதி வளர்ந்திருந்தது. அத்தை அதே நேரத்தில் ஜெயங்கொண்டத்தில் நன்றாகத்தான் இருந்தாள். எண்பதை நெருங்கிவிட்டாலும் காலையில் நாலு இட்லியைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளுகிற ஆள். அவள்மேல் கமலவேணிக்கு எந்த மனத்தாங்கலும் கிடையாது. வேண்டியிருந்தது சனி, ஞாயிறு என்று ரெண்டே நாள். அதற்காகத்தான் அத்தை சாக வேண்டியதாகிவிட்டது.

இதைக் கேட்டுவிட்டு அவளை மோசமான பொம்பளை என்று நினைத்துவிட வேண்டாம். பிள்ளையார்பாளையத்தில் யாரை வேண்டுமானாலும் விசாரியுங்கள். கமலவேணி வாயிலிருந்து ஒரு பொய் வந்ததாக ஒருத்தரும் சொல்ல மாட்டார்கள். பழக்கம் இல்லாத காரணத்தால்தான் முதல் பொய்யே அவ்வளவு பெரிதாக வந்துவிட்டது. பொய் சொல்லிப் பழகியவர்கள் காய்ச்சல், வயிற்றுவலி என்று சின்னதாக ஆரம்பிப்பார்கள்.

காஞ்சிபுரத்துக் கோர்வைப் புடவையை ஒருத்தியாக நெய்ய முடியாது. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம், ரெண்டையும் இழைக்கு இழை கோத்துக்கொண்டே போக வேண்டும். தறிக்குழியில் நடுவில் உட்காருகிறவள், குறுக்கு நூலை ஓட்டுகிற நாடா என்ற கட்டைகளில் உடலுக்கானதையும் இடது கரைக்கானதையும் எறிவாள். வலது கரை அவள் கைக்கு எட்டாது. அதற்கென்று இன்னொருத்தி பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு இழைக்கும் நாடாவை எறிய வேண்டும். ரெண்டு பேரில் யார் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனாலும் தறி நின்றுவிடும். கமலவேணியின் வலது பக்கத்தில் பத்து வருஷத்துக்கும் மேலாக உட்கார்ந்திருந்தவள் இளவரசி. அடுத்த தெரு. சொந்தம் இல்லை, ஆனால் சொந்தக்காரர்கள் யாரும் அவ்வளவு நேரம் கமலவேணியின் பக்கத்தில் உட்கார்ந்தது கிடையாது. நாற்பது வயதுக்காரி, குழந்தை இல்லை, கை ஓயாத மாதிரியே வாயும் ஓயாது.

கமலவேணிக்குப் பறவைப் பைத்தியம் பிடித்தது புருஷன் நமச்சிவாயம் போன பிறகு. சர்க்கரை வந்துவிட்டது, காலையில் நடந்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரகடத்தில் கம்பெனி வேலைக்குப் போகிற மகன் கதிர்வேல் ஞாயிற்றுக்கிழமைகளில் அவளை பைக்கில் ஏற்றிக்கொண்டு போய் ஏதாவது ஓர் ஏரிக்கரையில் இறக்கிவிடுவான். அப்படி ஒருநாள் தென்னேரிக் கரையில், பள்ளிக்கூட வாத்தியார் பூவராகவனும் அவர் கூட்டமும் முக்காலியில் குழாய் மாதிரி ஒன்றை மாட்டி வைத்துக்கொண்டு தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீங்களும் பாருங்கம்மா என்று அவர் இடம் விட்டார். குழாய்க்குள் ஒரு மீன்கொத்தியின் முதுகு தெரிந்தது. இந்த நீலத்தை எந்தச் சாயக்காரனாலும் கொண்டுவர முடியாது என்று கமலவேணிக்குப் பட்டது. அவ்வளவுதான், மாட்டிக்கொண்டாள். அதற்கப்புறம் ஞாயிறு தவறாமல் போனாள். பேர்கள் மட்டும் அவளுக்கு நிற்கவே நிற்காது. உள்ளானைக் கொசு உள்ளான் என்பாள், கொசு உள்ளானை நாரை என்பாள். வாத்தியார் தலையில் அடித்துக்கொள்வார். வயசான காலத்தில் காமாட்சி கோயிலை விட்டுவிட்டு இது குருவி பார்க்கப் போகிறது என்று தெருவில் சிரித்தார்கள். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இளவரசியும் ஒரே ஒரு தடவை கூட வந்தாள். நெற்றியில் வெள்ளையாக இருக்கும் நாமக்கோழியைப் பார்த்துவிட்டு, இது சின்ன காஞ்சிபுரத்துப் பெருமாள் கோயில் கட்சி, நமக்கு ஆகாது என்று சொல்லி மொத்தக் கூட்டத்தையும் சிரிக்க வைத்தாள். அப்புறம் வாத்தியாரிடம் போய், சார், இதில் அன்னம் எது என்று கேட்டாள். கேட்கக்கூடியவள்தான். அவளும் கமலவேணியும் சேர்ந்து நெய்த கரைகளில் போன அன்னங்களை வரிசையாக நிற்க வைத்தால் காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு வரைக்கும் நிற்கும். ஆனால் ஒரு அன்னத்தையும் ரெண்டு பேரும் உயிரோடு பார்த்ததில்லை. வாத்தியார் யோசித்துவிட்டுச் சொன்னார்: அந்தக் காலத்தில் அன்னம் என்று சொன்னது எதை என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. வரித்தலை வாத்து என்று ஒன்று இருக்கிறது, குளிர்காலத்தில் இமயமலைக்கு மேலேயே பறந்து இந்தப் பக்கம் வரும், அதுதான் அன்னம் என்று சிலர் சொல்கிறார்கள். அரியலூர்ப் பக்கம் கரைவெட்டி ஏரிக்கு வரும். சில வருஷம் வராமலும் போகும்.

அன்றைக்குப் பிடித்துக்கொண்டது இளவரசிக்கு. தறியில் அன்னக்கரை ஏறும்போதெல்லாம் சொல்லுவாள்: "ஒருநாளைக்கு நாம ரெண்டு பேரும் போயி பாத்துட்டு வந்துடணும்க்கா." போகலாம் போகலாம் என்று கமலவேணியும் சொல்லுவாள். எத்தனை தடவை சொல்லியிருப்பாள் என்று அவளுக்கே தெரியாது.

அந்த வியாழக்கிழமை சாயங்காலம் வாத்தியார் போன் செய்தார். கரைவெட்டிக்கு வாத்துகள் வந்து இறங்கிவிட்டன, சனிக்கிழமை விடியற்காலையில் வேன் கிளம்புகிறது, ஒருத்தர் வரவில்லை என்று சொல்லிவிட்டார், ஒரு சீட் இருக்கிறது, வருகிறீர்களா என்றார். ஒரு சீட். கமலவேணி உடனே சரி என்றுவிட்டாள். ஒரு மூச்சு விடுகிற நேரம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. போனை வைத்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பதே அவளுக்கு உறைத்தது. இன்னொரு சீட்டுக்கு வழி உண்டா என்று கேட்டிருக்கலாம். இளவரசிக்குக் கொடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். மறுபடி போன் போட்டுச் சொல்லவும் ராத்திரி முழுக்க நேரம் இருந்தது. அவள் போடவில்லை. அவளுக்குப் பார்க்க வேண்டும் போல இருந்தது. மனுஷிக்கு ஆசை என்று ஒன்று வந்துவிட்டால் அது பக்கத்தில் இருக்கிறவளைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

இளவரசியிடம் உண்மையைச் சொல்லலாம்தான். ஆனால் அதைக் கேட்கிறபோது அவள் முகம் போகிற போக்கைப் பார்க்க கமலவேணிக்குத் தைரியம் இல்லை. இன்னொன்றும் இருந்தது. பாவு நூல் கொடுத்து நெய்யச் சொன்ன முதலாளி கலியாணசுந்தரத்துக்குத் தை பிறந்ததும் அந்தப் புடவை வேண்டும், பெண்வீட்டார் நாள் குறித்துவிட்டார்கள். பறவை பார்க்க ரெண்டு நாள் தறியை நிறுத்துகிறேன் என்றால் அவர் சிரிக்கக்கூட மாட்டார். காய்ச்சல் என்றால் வீட்டுக்கே வந்து நிற்பார். சொந்தத்தில் விசேஷம் என்றால் சரி. ஆனால் மார்கழியில் ஏது விசேஷம்? கல்யாணம் கிடையாது, நிச்சயம் கிடையாது, காதுகுத்து கிடையாது, புதுமனை புகுவது கிடையாது. மாசம் பார்க்காமல் வருவது சாவு ஒன்றுதான். உள்ளூரில் யாரையும் சாகடிக்க முடியாது, சாயங்காலத்துக்குள் தெரிந்துவிடும். ஜெயங்கொண்டத்து அத்தை ஒருத்திதான் தூரத்தில் இருந்தாள். கரைவெட்டிக்குப் போகிற வழியும் அதுதான். அந்த மட்டுக்கும் பொய்யில் பாதி உண்மை என்று அவள் மனசு ஒரு சமாதானம் கண்டுபிடித்தது.

மறுநாள் காலையில் தறியில் உட்கார்ந்ததும் சொன்னாள். இளவரசி கையிலிருந்த நாடா மடியில் விழுந்தது.

"எனக்குப் பூ வச்சி வுட்டாங்களே, அந்த அத்தையா?"

கமலவேணிக்கு அப்போதுதான் அது நினைவுக்கு வந்தது. ஆரணியில் கட்டிக்கொடுத்த மகள் புவனேஸ்வரிக்கு இந்த வீட்டில் வளைகாப்பு நடந்தது. எல்லாப் பொம்பளைகளும் ஒவ்வொருத்தியாகப் போய் வளையல் போட, இளவரசி மட்டும் கூப்பிட ஆள் இல்லாமல் சமையல் பக்கமாகவே நின்றிருந்தாள். பிள்ளை இல்லாதவள் கை எதற்கு என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஊரிலிருந்து வந்திருந்த ஜெயம்மாள் அத்தைதான் அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், போடுடி என்று வளையலைக் கொடுத்து, தன் தலையிலிருந்த பூவில் பாதியைக் கிள்ளி அவள் தலையில் வைத்துவிட்டாள். அது அன்றோடு மறந்துபோன விஷயம், கமலவேணிக்கு. இளவரசிக்கு அப்படி இல்லை என்பது அவள் அழுகையில் தெரிந்தது. சும்மா மூக்கைச் சிந்துகிற அழுகை இல்லை அது. தோள் குலுங்கியது. கமலவேணி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

அவளைத் தேற்றிவிட்டுக் கலியாணசுந்தரத்துக்குப் போன் செய்தாள். அவர் நல்ல மனுஷர், அத்தைக்காக வருத்தப்பட்டார். அப்புறம் சாதாரணமாக, போயிட்டு வாம்மா, ஆனா சாவு வீட்டுக்குப் போன கையோட முகூர்த்தப் புடவையத் தொட்டுடாதே, வந்து மூணு நாள் கழிச்சித் தொடு என்றார். கமலவேணிக்குத் திக்கென்றது. பிறந்ததிலிருந்து அவளுக்குத் தெரிந்த வழக்கம்தான். தன் கையாலேயே மற்றவர்களை அப்படித் தள்ளி உட்கார வைத்திருக்கிறாள். ஆசை அவசரத்தில் அதை மறந்துவிட்டு, இருக்கிற காரணங்களிலெல்லாம் தறியைத் தொடவே முடியாத காரணமாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருக்கிறாள்.

சாயங்காலம் இளவரசி ஏகாம்பரநாதர் கோயில் விபூதியை ஒரு பொட்டலமாக மடித்துக் கொண்டுவந்தாள். "என்னால வர முடியல. இத என் பேரச் சொல்லி அத்தை நெத்தியில வச்சி வுட்டுடுக்கா." கமலவேணி அதை வாங்கிப் பைக்குள் வைத்தாள். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டு, இளவரசி அவள் கையைத் தடவிக்கொடுத்தாள்.

மூங்கில் மண்டபத்துப் பக்கம் வேன் நின்றது. மற்றவர்கள் தொப்பியும் ஸ்வெட்டருமாகச் சுற்றுலாக் களையில் இருந்தார்கள். கமலவேணி மட்டும் நைந்த நூல் புடவை, எண்ணெய் தொடாத தலை. தெருவில் யாராவது பார்த்துத் தொலைத்தால் என்ன செய்வது என்று சாவுக்குப் போகிற உடுப்பிலேயே வந்திருந்தாள். உடம்புக்கு ஏதாவதா என்று வாத்தியார் கேட்டார். குளிர் சார் என்றாள். டிரைவர் ராமராஜன் பாட்டுப் போட்டான். பின்சீட்டில் கடலை உருண்டை சுற்றி வந்தது. ஒவ்வொருத்தரும் பார்த்த பறவைகளைப் பற்றி அளந்துகொண்டே வந்தார்கள். உளுந்தூர்பேட்டை தாண்டும்வரைக்கும் அவள் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

ஜெயங்கொண்டத்தில் டீக்கு நிறுத்தினார்கள். நிறுத்துவதற்கு ராமராஜனுக்கு வேறு ஊரே கிடைக்கவில்லை. டீக்கடையிலிருந்து ரெண்டு தெரு தள்ளித்தான் அத்தை வீடு. எல்லோரும் இறங்கினார்கள், கமலவேணி இறங்கவில்லை. முந்தானையைத் தலைவழியாக இழுத்துவிட்டுக்கொண்டு சீட்டில் சரிந்து உட்கார்ந்தாள். தெருவில் போகிற ஒவ்வொரு கிழவியும் அத்தையாகவே தெரிந்தாள். நேற்றுச் செத்துப்போனவள் ஜன்னலைத் தட்டி, யாருடி அது, கமலவேணியா என்று கேட்டுவிடுவாளோ என்று இன்னும் கீழே சரிந்தாள். எட்டிப் பார்த்துவிட்டு வரலாம், ஒரு டஜன் வாழைப்பழம் வாங்கிக்கொண்டு போகலாம் என்றும் ஒரு நினைப்பு வந்தது. எந்த மூஞ்சியோடு போவது என்று அதையும் விட்டாள். எத்தனையோ வருஷமாக அத்தை ஊர்ப் பக்கமே வந்ததில்லை, இப்போது வந்தது அவளைப் பார்க்காமல் போவதற்காக.

ராத்திரி அரியலூரில் தங்கிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை விடியும்போது கரைவெட்டி ஏரிக்கரையில் நின்றார்கள். பனி தண்ணீருக்கு மேலே கனமாகப் படுத்திருந்தது. முதலில் சத்தம்தான் வந்தது, மூக்கால் கூப்பிடுகிற மாதிரி ஒரு சத்தம், ஒன்று கூப்பிட இன்னொன்று பதில் சொன்னது. வெயில் ஏறப் பனி விலகியது. வாத்தியார் குழாயைச் சரிசெய்துவிட்டு, வாங்கம்மா, உங்க அன்னம் என்றார்.

கமலவேணி கண்ணை வைத்தாள். கரையில் நெய்கிற அன்னம் மாதிரி இல்லவே இல்லை. வால் தோகை மாதிரி தொங்கவில்லை, கழுத்து வளைந்து நெளியவில்லை. சாம்பல் நிறத்தில், ஈரமும் சேறுமாக, வயல்காட்டில் வேலை செய்துவிட்டு வந்த மாதிரி நின்றன. வெள்ளைத் தலையின் பின்பக்கம் மட்டும் கறுப்பாக ரெண்டு கோடு, யாரோ கரை போட்டுப் பார்த்த மாதிரி. நிறைய இருந்தன. தலை குனிந்து மேய்ந்துகொண்டிருந்தன. இந்தக் காலோடும் இந்தச் சிறகோடும் இமயமலையைத் தாண்டி வந்திருக்கின்றன என்று நினைத்துக்கொண்டே கண்ணை எடுக்காமல் பார்த்தாள். சந்தோஷமாக இருந்தது. அப்படி ஒரு சந்தோஷம் நமச்சிவாயம் போன பிறகு அவளுக்கு வந்ததில்லை.

ஒன்று சிறகை விரித்தது. உடனே கூட்டம் மொத்தமும் எழும்பியது. கமலவேணி வலது பக்கம் திரும்பி, "இளவரசி, பாருடி" என்றாள்.

வலது பக்கத்தில் சென்னையிலிருந்து வந்த ஒரு பாங்க் அம்மா நின்றிருந்தாள். என்ன சொன்னீங்க என்று கேட்டாள். ஒண்ணும் இல்லைம்மா என்றாள் கமலவேணி. எதையாவது பார்த்தால் வலது பக்கம் திரும்பிச் சொல்வது பத்து வருஷப் பழக்கம். ஜன்னலில் அணில் வந்தாலும், ஜரிகை அறுந்தாலும், மழை தூறினாலும் அந்தப் பக்கம்தான் திரும்புவாள். வாத்துகள் தலைக்கு மேலேயே சத்தம் போட்டுக்கொண்டு வட்டமடித்தன. எல்லோரும் போட்டோ எடுத்தார்கள். அவளுக்கு அதற்கு மேல் பார்க்க முடியவில்லை. கைக்குட்டை எடுக்கப் பையில் கையை விட்டாள், விபூதிப் பொட்டலம் கையில் தட்டுப்பட்டது. கையை எடுத்துவிட்டுப் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் வேனை விட்டு இறங்கித் தெருமுனை திரும்பியபோது வீட்டு வாசலில் விளக்கு எரிந்தது. கதிர்வேலுக்கு அந்த வாரம் டபுள் ஷிப்ட், அவன் இருக்க மாட்டான் என்று தெரியும். இருந்தவள் இளவரசி. சாவு வீட்டிலிருந்து வருகிறவள் தலைக்கு ஊற்றாமல் வாசற்படி ஏறக்கூடாது, இந்த வீட்டில் ஊற்ற வேறு பொம்பளை இல்லை, மகள் ஆரணியில் இருக்கிறாள். அதனால் பக்கத்து வீட்டில் கொடுத்து வைத்திருந்த சாவியை வாங்கி வந்து, அண்டா நிறைய வெந்நீர் போட்டு வைத்துக்கொண்டு காத்திருந்தாள். மாற்றுப் புடவை கொடியில் தயாராகத் தொங்கியது.

"அப்படியே நில்லுக்கா. உள்ள வராத."

வீட்டுக்குப் பக்கவாட்டுச் சந்தில் கமலவேணியை நிற்க வைத்து ஊற்றினாள். முதல் சொம்பு தலையில் விழுந்தபோது கமலவேணி கண்ணை மூடிக்கொண்டாள். அவள் அம்மா செத்தபோதும் நமச்சிவாயம் செத்தபோதும் இதே சந்தில் இதே மாதிரி நின்றிருக்கிறாள். அப்போதெல்லாம் தண்ணீர் விழ விழ மனசு கொஞ்சம் இறங்கும். இன்றைக்கு ஏறிக்கொண்டே போனது. குளிர்ந்துவிடப் போகிறதே என்று இளவரசி அவசர அவசரமாக ஊற்றினாள். சூடு சரியாக இருக்குதா, சரியாக இருக்குதா என்று நடுநடுவே கேட்டாள்.

முகம் எப்படி இருந்தது என்று கேட்டாள். தூங்குகிற மாதிரி இருந்தது என்றாள் கமலவேணி. விபூதி வைத்தாயா என்று கேட்டாள். வைத்தேன் என்றாள். புடவையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த ஏரிக்கரைப் புல்முள்ளைக் குனிந்து ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுக்கொண்டே, சுடுகாடு வரைக்கும் பொம்பளைங்களும் போனீங்களா என்று இளவரசி ஆச்சரியப்பட்டாள். அந்த ஊர் வழக்கம் என்று கமலவேணி சொன்னாள். ஒரு பொய்க்குத் துணையாக எத்தனை பொய் வேண்டியிருக்கிறது என்று அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

அடுத்த மூன்று நாளும் அவளுக்குத் தண்டனைதான், ஆனால் கொடுத்தவள் யாரும் இல்லை. தறி சும்மா நின்றது. துக்க வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்று வேளைக்கு வேளை இளவரசி சாப்பாடு கொண்டுவந்தாள். கலியாணசுந்தரம் நாள் போகிற பதற்றத்தில் அவளைக் கூப்பிட்டு, அந்தம்மா இடத்தில் வேறு ஆளை உட்கார வைத்து ஓட்டு என்றிருக்கிறார். கை மாறினால் அடி மாறும், புடவையில் தெரிந்துவிடும் என்று அவள் மறுத்திருக்கிறாள். அவர் கத்தியிருக்கிறார். சாவு என்ன சொல்லிவிட்டா வருகிறது முதலாளி என்று அவளும் திருப்பிக் கேட்டிருக்கிறாள். இதையெல்லாம் அவள் கமலவேணியிடம் சொல்லவில்லை, பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டே கமலவேணி அதைக் கேட்டாள். தட்டைத் தள்ளி வைத்தாள்.

நாலாம் நாள் காலையில் ரெண்டு பேரும் தறியில் உட்கார்ந்தார்கள். நின்றுபோயிருந்த இடத்தில் அன்னத்தின் தலை பாதியில் இருந்தது. கொஞ்ச நேரம் ஓட்டினார்கள். கழுத்து முடிந்து உடம்பு ஆரம்பித்தபோது இளவரசி, நாடாவை எறிந்துகொண்டே, சாதாரணமாகக் கேட்டாள்.

"அத்தை நட்சத்திரம் இன்னாக்கா? சாயங்காலம் கோயில்ல மோட்ச தீபம் ஏத்தறதுக்கு குருக்கள்கிட்ட சொல்லி வச்சிருக்கறேன்."

கமலவேணியின் கால் மிதியிலேயே நின்றுவிட்டது. உயிரோடு இருக்கிற மனுஷிக்கு மோட்ச தீபம். இதுவரைக்கும் பொய் அவளோடு இருந்தது, இன்றைக்குச் சாயங்காலம் அது சாமி முன்னால் போய் நிற்கப் போகிறது, இளவரசியின் கையில் எண்ணெயும் திரியுமாக. வாயைத் திறந்தாள். வரவில்லை. மறுபடி திறந்தாள்.

"அத்தை சாவலடி."

இளவரசி புரியாமல் பார்த்தாள். கமலவேணி தறியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். யாரும் சாகவில்லை, தான் போனது சாவுக்கு இல்லை, லீவுக்காகச் சொன்ன பொய் அது. ஒரே மூச்சில் சொன்னாள். முடித்துவிட்டு அடிக்காகக் காத்திருக்கிற பிள்ளை மாதிரி தோளைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அப்ப அத்தை உயிரோட இருக்குதா?"

"இருக்குது."

இளவரசியின் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. கையைக் கூப்பிக் கோயில் இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டாள். செத்துட்டாங்கன்னு பேச்சு வந்தால் ஆயுசு கூடும், இனிமே அதுக்கு நூறு வயசு என்று சொல்லிச் சிரித்தாள். சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீர் வந்தது. திட்டியிருந்தால் கமலவேணி தாங்கியிருப்பாள். இந்தச் சந்தோஷத்தைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. இத்தனை நாளாக இவளை இப்படி அழவைத்தோமே என்பது அப்போதுதான் முழுசாக உள்ளே இறங்கியது.

சிரிப்பு அடங்கிய பிறகுதான் இளவரசிக்கு அடுத்த கேள்வி வந்தது.

"அப்ப எங்கக்கா போன?"

முன்னால் கரையில் அன்னம் பாதி உடம்போடு நின்றது. இளவரசி அதைப் பார்த்தாள். அப்புறம் கமலவேணியின் முகத்தைப் பார்த்தாள். புல்முள் அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"கரைவெட்டிக்கா?"

"ஒரு சீட்டுதான்டி இருந்துச்சு."

சொன்ன பிறகுதான் கமலவேணிக்குத் தெரிந்தது, சொல்லியிருக்கவே கூடாத ஒன்று உண்டென்றால் அது இதுதான் என்று. இளவரசி நாடாவைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். எறியவில்லை. வலது பக்கம் எறியாமல் இந்தப் பக்கம் ஒன்றும் செய்வதற்கில்லை. தறி நின்றது. தெருவில் காய்கறி வண்டி வந்து, கூவி, போனது. மன்னிச்சுக்கோடி என்று கமலவேணி சொன்னாள். மன்னிப்பு கேட்டுப் பழக்கமில்லாத ஆள், சத்தம் வெளியே வந்ததா என்றுகூடச் சந்தேகமாக இருந்தது. எதையாவது கொடுத்துச் சரிக்கட்டிவிட வேண்டும் என்ற தவிப்பில், அது எப்படி இருந்தது தெரியுமா இளவரசி என்று ஆரம்பித்தாள்.

"வேணாம்க்கா. சொல்லாத. ஒருநாளைக்கு நானே போயி பாத்துக்கறேன்."

நாடாவை எறிந்தாள். கமலவேணியும் எறிந்தாள். மதியம் சாப்பாட்டுக்கு எழுந்தபோது இளவரசி ஒன்றே ஒன்று கேட்டாள், அந்த விபூதி எங்கே என்று. பையில் இருந்து எடுத்துக் காட்டினாள் கமலவேணி. போய் அத்தை நெற்றியில் வைத்துவிட்டு வா, உயிரோடு இருக்கிறவங்களுக்கும் வைக்கலாம் என்றாள் அவள்.

புடவை எப்படியோ நாளுக்குள் இறங்கியது. பொங்கல் கழித்து கமலவேணி ஜெயங்கொண்டம் போனாள். என்னடி திடீர்னு வந்து நிக்குற, நான் செத்தாதான் நீ வருவேன்னு நினைச்சேன் என்று அத்தை விளையாட்டாகச் சொன்னாள். கமலவேணி அவள் நெற்றியில் விபூதியை வைத்துவிட்டாள். இளவரசி கொடுத்தனுப்பியது என்றாள். அத்தைக்கு யார் என்று ஞாபகம் வரவில்லை.

அதற்கப்புறம் ஒன்றும் மாறிவிடவில்லை. இளவரசி வழக்கம் போல வந்தாள், பேசினாள், சிரித்தாள், குழம்பு கொண்டுவந்தாள். கமலவேணி ஏரிகளுக்குப் போய்வந்து சொல்வதையெல்லாம் கேட்டுக்கொண்டாள். ஆனால் அன்னக்கரை தறியில் ஏறும்போது மட்டும், நாம ரெண்டு பேரும் ஒருநாள் போகணும்க்கா என்ற பேச்சு வரவே இல்லை. அந்த இடத்தில் நாடாச் சத்தம் மட்டும் கேட்டது. கரைவெட்டியில் பார்த்ததை கமலவேணி யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவள் வேண்டாம் என்று சொல்லிவிட்ட பிறகு, மற்றவர்களிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? பின்னால் விஷயம் தெரிந்து கதிர்வேல் கேட்டபோதுகூட, நல்லா இருந்துச்சுப்பா என்று முடித்துக்கொண்டாள். கண்ணை மூடினால் ஏரி அப்படியே வரும், கூடவே தலையில் வெந்நீர் விழுகிற சூடும் வரும். ஒன்றை விட்டு ஒன்று வந்ததே இல்லை.

இந்த மார்கழியில் வாத்தியார் மறுபடி போன் செய்தார். தறியில் உட்கார்ந்திருந்தபோதே வந்தது. எத்தனை சீட் சார் இருக்குது என்பதுதான் கமலவேணி கேட்ட முதல் கேள்வி. ரெண்டு என்றார். ஒரு நிமிஷம் என்று சொல்லிப் போனைக் கையால் மூடிக்கொண்டாள். கலியாணசுந்தரத்தின் இன்னொரு முகூர்த்தப் புடவை இந்த வருஷமும் தறியில் பாதியில் நின்றது.

"ரெண்டு சீட்டு இருக்குதாம்டி. வர்றியா?"

இளவரசி எறிய வேண்டிய நாடாவை எறிந்துவிட்டுத்தான் தலையைத் தூக்கினாள். சிரிக்கவில்லை, கோபமும் இல்லை. நிஜமாகவே பதில் தெரிய வேண்டும் என்கிற மாதிரி பார்த்தாள்.

"முதலாளிகிட்ட இந்தத் தடவ யாரு செத்துட்டாங்கன்னு சொல்லப் போற?"

கமலவேணிக்குக் காது சுட்டது. ரெண்டு பேர் என்று எழுதிக்கொள்ளுங்கள் என வாத்தியாரிடம் சொல்லி வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, இளவரசிக்குக் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரைப் போட்டுக் கலியாணசுந்தரத்தைக் கூப்பிட்டாள். ரெண்டு நாள் தறி நிற்கும் என்றதும் அவர் குரல் பயந்துவிட்டது. யாரும்மா, அய்யய்யோ, இந்த வருஷம் யாரு என்றார். இளவரசி நாடாவை மடியில் வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"யாரும் இல்ல முதலாளி, வாத்து பாக்கப் போறோம்," என்றாள் கமலவேணி. கொஞ்சம் நிறுத்தி மீதியையும் சொன்னாள். "போன வருஷமும் யாரும் சாவல."